சேலைக்குக் கேட்ட கஞ்சி

6 ஜூலை 2020, திங்கள்

வார்டில் டியூட்டி ரிப்போர்ட் எழுதியே தேய்ந்த கை இது. ஓய்வு பெற்றும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. தினமும் நாலு வரி கிறுக்கினால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

இன்றைய ரிப்போர்ட். நோயாளி ஒருவர், பெயர் சங்கரபாண்டியன், என் வீட்டுக்காரர். காலையில் வெறும் வயிற்றில் சர்க்கரை கூடுதல். காரணம் கேட்டால் தெரியாதாம். டப்பாவில் இருந்த முறுக்குக்குக் கால் முளைத்துத் தானாக நடந்து போய்விட்டதாம்.

இவருக்காகத்தான் எங்கள் வீட்டில் குக்கர் சோறு கிடையாது. பானையில் வேகவைத்து, வடிதட்டை வைத்துக் கவிழ்த்து, ஒட்ட வடித்த சோறுதான். இந்தத் தெருவில் வேறு யாருக்கும் அதற்குப் பொறுமையில்லை. அதனால் வடிகஞ்சி வேண்டுமென்றால் பாளையங்கோட்டையிலேயே இந்த ஆவுடையம்மாள் வீட்டுக்குத்தான் வர வேண்டும். இன்று வந்தாள் பக்கத்து வீட்டு ஜெபா டீச்சர். காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் தூக்குவாளியோடு நின்றாள்.

"சிஸ்டர், வடிச்ச கஞ்சி இருந்தா கொஞ்சம் தாரீயளா? சேலைக்குப் போடணும்."

"பள்ளிக்கூடந்தான் மூடிக் கெடக்கே டீச்சர். சேலையக் கட்டிக்கிட்டு எங்க போப்போறீய?"

"ஆன்லைன் கிளாஸ் இருக்குல்லா. போன்ல மூஞ்சி தெரியுமே."

எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இந்தக் காலத்தில் கஞ்சி போட்டுச் சேலை கட்ட வேண்டும் என்று நினைக்கிறாளே ஒருத்தி! வாளி நிறைய ஊற்றிக் கொடுத்தேன். ஊற்றிக்கொண்டே பாடமும் நடத்தினேன். கஞ்சி என்றால் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை, அரிசியின் மாவுச்சத்து. வேகும்போது கரைந்து தண்ணீரில் இறங்குகிறது. நூலுக்கும் நூலுக்கும் நடுவே புகுந்து காய்ந்தால் துணிக்கு முதுகெலும்பு. என் வீட்டுக்காரர் வயிற்றில் புகுந்தால் சர்க்கரை. டீச்சருக்கே கிளாஸ் எடுத்துவிட்டேன். அவள் வாளியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

9 ஜூலை, வியாழன்

தினமும் வருகிறாள். பானையைக் கவிழ்க்கிற நேரத்துக்குச் சரியாகச் சுவரடியில் நிற்கிறாள். "சேலைக்குச் சூட்டோட ஆகாது டீச்சர், ஆறட்டும், ஆடையை எடுத்துட்டு மெல்லிசு துணியில வடிகட்டித் தாரேன்" என்றேன். "நானே ஆறவச்சிக்கிடுதேன் சிஸ்டர்" என்று வாளியை முந்தானையால் பொத்திக்கொண்டு போய்விட்டாள்.

மாடியில் வடகம் காயப்போடப் போனபோது அவர்கள் கொடியை எட்டிப் பார்த்தேன். இரண்டு சேலையும் துவண்டு தொங்குகின்றன. எங்கள் மேட்ரன் அம்மா பார்த்திருந்தால் அந்தச் சேலையோடு வார்டுக்குள் விட்டிருக்க மாட்டார். இவளுக்குப் பதம் தெரியவில்லை.

12 ஜூலை, ஞாயிறு

முழு ஊரடங்கு. தெருவில் ஒரு காக்காய்கூட மாஸ்க் இல்லாமல் பறக்கவில்லை என்கிறார் இவர்.

15 ஜூலை, புதன்

வாளியை வாங்கும்போது ஜெபா டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். கண்ணைக் கட்டுகிறதாம். கொரோனாவாவது ஒன்றாவது என்று சுவருக்கு மேலே எக்கி, கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். வெளுத்துக் கிடக்கிறது. ரத்தசோகை, சந்தேகமே இல்லை. என் அலமாரியில் இருந்த இரும்புச்சத்து மாத்திரையைக் கொடுத்து, "வெறும் வயித்துல போட்டா குமட்டும், நல்லாச் சாப்பிட்டுட்டுப் போடுங்க" என்றேன். தினமும் முட்டை, முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் என்று அடுக்கினேன். கொஞ்சம் ஏசவும் செய்தேன்.

"போன்ல மூஞ்சியக் காட்டிக் கிளாஸ் எடுத்தா மட்டும் போதாது. வயித்துக்கு வஞ்சகம் பண்ணப்படாது டீச்சர். சம்பாதிக்கது எதுக்கு?"

"சரி சிஸ்டர்" என்றாள்.

படித்தவர்களே இப்படி உடம்பைக் கெடுத்துக்கொண்டால் என்ன செய்வது. பள்ளிக்கூடம் மூடினாலும் மாதம் பிறந்தால் சம்பளம் வந்து விழத்தானே செய்யும்.

18 ஜூலை, சனி

காய்கறி வண்டி வந்தது. எதிர்வீட்டு செண்பகம், அவள் நாத்தனார், மாவு மில்காரர் வீட்டம்மா எல்லாரும் கூடிவிட்டோம். நாலு மாதம் வீட்டுக்குள் அடைந்து கிடந்த வாய்கள், கேட்க வேண்டுமா! ஜெபா டீச்சரும் வந்து ஒரு ஓரமாக நின்றாள். எனக்குத்தான் நாக்கில் சனி ஆயிற்றே.

"என்ன டீச்சர், டெய்லி ஒரு வாளி கஞ்சி வாங்குதீய, சேலை செத்த பாம்பு மாதிரில்லா தொங்குது? கஞ்சியை நீங்களே குடிச்சிருதீயளோ?"

வண்டிக்காரர் உட்பட எல்லாரும் சிரித்துவிட்டார்கள். டீச்சரும் சிரித்தாள். நல்ல பெண், கோபமே வராது. கறிவேப்பிலை மட்டும் வாங்கிக்கொண்டு போனாள்.

20 ஜூலை, திங்கள்

சொன்னால்தான் செய்கிறார்கள்! இன்று அவர்கள் கொடியில் பச்சைக் கரை போட்ட வெள்ளைச் சேலை. கஞ்சி ஏறி, காற்றுக்கு மடங்காமல் கதவு போல நிற்கிறது. மாடியில் நின்று கைதட்டினேன். டீச்சர் கீழே கிணற்றடியில் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்த்து லேசாகத் தலையை ஆட்டினாள். முகம் மட்டும் இன்னும் வெளுப்பாகத்தான் இருக்கிறது. மாத்திரையைச் சரியாகப் போடுவதில்லை போல.

21 ஜூலை, செவ்வாய்

வெள்ளைச் சேலைக்குக் கஞ்சி மட்டும் போதாது, கொஞ்ச நாளில் பழுப்பேறும். அதனால் இன்று நானாகவே கஞ்சியை ஆறவைத்து, வடிகட்டி, சொட்டு நீலம் கலந்து, மேகம் மாதிரி ஒரு நிறத்துக்குக் கொண்டுவந்து வாளியை மூடிக் கொடுத்தேன். சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்த் திறந்து பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் பின்பக்க வாய்க்காலில் நீலத் தண்ணீர் போகிறது. அத்தனையும் கொட்டிவிட்டிருக்கிறாள்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வேண்டாம் என்றால் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே. நாளைக்குப் போய்க் கேட்காமல் விடப்போவதில்லை. "நீ ஒண்ணும் கேக்காண்டாம். பேசாம இரு" என்றார் இவர். இவருக்கு எப்போதும் அடுத்த வீட்டுக்காரர்கள் பக்கம்தான் நியாயம்.

22 ஜூலை, புதன்

ஜெபா டீச்சர் வீட்டுக்குப் போய் வந்தேன். எழுத ஒன்றுமில்லை.

23 ஜூலை, வியாழன்

எழுத ஒன்றுமில்லை என்று நேற்று எழுதியது பொய்.

பின்வாசல் வழியாகப் போனேன். கதவு திறந்திருந்தது. டீச்சர் உள் அறையில் போனைச் சன்னலில் சாய்த்து வைத்து, அந்த வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு பிள்ளைகளுக்கு ஒளிச்சேர்க்கை நடத்திக்கொண்டிருந்தாள். இலை சூரிய ஒளியில் மாவுச்சத்து தயாரிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் தர்மராஜ், கல்யாண மேடை அலங்காரம் செய்கிறவர், பகல் வெளிச்சத்தில் கட்டிலில் சுருண்டு படுத்திருந்தார். கல்யாணமே நடக்காத ஊரில் மேடைக்கு எங்கே போவார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அடுக்களை துடைத்து வைத்தாற்போல இருந்தது. அடுப்பில் சூடு பட்ட அடையாளமே இல்லை. டப்பாக்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. மேடையில் இரண்டு டம்ளர், பக்கத்தில் ஒரு தட்டில் எலுமிச்சை ஊறுகாய் வழித்த விரல் தடம். டம்ளருக்குள் வெள்ளையாகப் படலம் பிடித்திருந்தது. கஞ்சி குடித்த டம்ளரில்தான் அப்படிப் பிடிக்கும். வார்டில் கஞ்சி கொடுத்துக் கொடுத்து எத்தனை டம்ளர் பார்த்திருக்கிறேன். வாளி ஓரமாக இருந்தது, உள்ளே நீலக் கோடு.

கிளாஸ் முடிந்து டீச்சர் வந்தாள். நான் டம்ளரைப் பார்ப்பதைப் பார்த்தாள். நல்ல வார்த்தை ஒன்று, ஒரே ஒன்று, என் வாயில் வந்திருக்கக் கூடாதா? நான் கேட்டது இது.

"நீலம் சேலைக்கு நல்லா ஏறிச்சா டீச்சர்?"

"நல்லா ஏறிச்சு சிஸ்டர்."

வாய்க்கொழுப்பு சீலையில் வடிகிறது என்பார்கள். எனக்கு வடிந்தது அவள் சேலையில். அந்த வெள்ளைச் சேலை கதவு மாதிரி நின்ற நாளில் அந்த இரண்டு பேரும் எதைக் குடித்தார்கள்? தெருவில் வைத்து நான் சிரித்த சிரிப்புக்காக, அன்றைய சாப்பாட்டைச் சேலையில் ஊற்றிக் கொடியில் காயப்போட்டிருக்கிறாள். நான் மாடியில் நின்று கைதட்டியிருக்கிறேன். மறுநாள் அவர்கள் குடிக்க வேண்டிய கஞ்சியில் நீலத்தையும் கலந்திருக்கிறேன். இமையை இழுத்துப் பார்த்து ரத்தசோகை என்று கண்டுபிடித்த பெரிய நர்ஸுக்குப் பசித்த முகம் தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது. கண்ணாடி முன்னால் நின்று தலை சீவக்கூட இன்று மனமில்லை.

24 ஜூலை, வெள்ளி

இவரிடம் சொன்னேன். "எனக்கு மொதல்லயே தெரியும்" என்றார். "நீ போடுத பத்தியத்துல பசின்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? அந்தப் புள்ள பானையப் பாக்குத பார்வையும் நான் பாக்குத பார்வையும் ஒண்ணுதான்."

"பொறவு ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ தெருவுக்கே சொல்லிருவ."

உண்மைதான். எழுந்து பாத்திரம் தேய்க்கப் போய்விட்டேன்.

விசாரித்ததில் தெரிந்தது: அவள் பள்ளிக்கூடத்தில் கோடை விடுமுறை தொடங்கியதிலிருந்தே சம்பளம் கிடையாதாம், கிளாஸ் மட்டும் உண்டாம். சர்க்கார் சம்பளமே வாங்கிப் பழகிய எனக்கு அப்படி ஒன்று உண்டென்று தோன்றவே இல்லை. ரேஷனில் எங்களுக்கு இலவச அரிசி வருகிறது. அவர்களுடையது சர்க்கரை கார்டு, அரிசி கிடையாது. அந்த வாடை அரிசியை யார் தின்பது என்று தர்மராஜ் நல்ல காலத்தில் எழுதிக் கொடுத்து வாங்கிய கார்டு.

ஒரு பையில் அரிசி கட்டி எடுத்துக்கொண்டு போனேன். தர்மராஜ் இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் வந்து நின்றார். "எங்க வீட்ல அரிசி இருக்கு சிஸ்டர். நாங்க ரேஷன் அரிசி சாப்பிடுததில்ல" என்றார், மரியாதையாகத்தான். கையைக் கதவிலிருந்து எடுக்கவில்லை. பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பது எழுதி வைத்தவர்களின் பேச்சு. இந்த வீட்டில் ஒன்றுகூடப் பறக்கவில்லை.

26 ஜூலை, ஞாயிறு

நேரே கொடுத்தால் வாங்க மாட்டார்கள், சரி. கஞ்சியையே சாப்பாடாக்கிவிடுவோம் என்று இன்று ஒரு தந்திரம் செய்தேன். இரண்டு பங்கு அரிசி போட்டு, கவிழ்க்கும்போது வடிதட்டை விலக்கி, வாளியில் பாதிக்குச் சோறு விழும்படி விட்டேன். "கை தவறிக் கொஞ்சம் சோறு சரிஞ்சிட்டு டீச்சர், ஒண்ணும் நெனைக்காதீய" என்றேன். அவள் தலை குனிந்தபடியே வாங்கிக்கொண்டாள். எனக்கு ஒரே பெருமை.

27 ஜூலை, திங்கள்

ஆனைக்கும் அடி சறுக்கும் என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். நான் ஆனையும் இல்லை.

கண்ணைக் கட்டுகிறது என்கிறவளுக்கு உப்புச் சேர வேண்டுமே என்று, நர்ஸ் புத்தி, நேற்று வாளியில் ஒரு கை உப்பும் போட்டுக் கலக்கியிருந்தேன். இன்று டீச்சர் வாளியைக் கழுவிச் சுவரின் மேல் வைத்தாள். கை நீட்டவில்லை.

"சேலைக்குப் போடுத கஞ்சியில உப்பு கெடந்துச்சு சிஸ்டர்."

"அது... கைமறதியா..."

"இனிமே கஞ்சி வேண்டாம் சிஸ்டர். சேலைக்கெல்லாம் போட்டு முடிச்சாச்சு."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசித் தப்பித்திருப்பேன். நான் தெரியாதது போல இருந்தவரைக்கும் அவளால் வாங்க முடிந்தது. தெரிந்துவிட்டது என்று நானே உப்புப் போட்டுச் சொல்லிவிட்டேன்.

28 ஜூலை, செவ்வாய்

வரவில்லை. கஞ்சியைக் கனகாம்பரச் செடிக்கு ஊற்றினேன்.

29 ஜூலை, புதன்

வரவில்லை. அந்தப் பக்கம் தாளிக்கிற சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. கிணற்றில் வாளி விடுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. வெறும் தண்ணீர்தான் குடிக்கிறார்கள். இவர் இன்று சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். சர்க்கரைக்காகவா என்று நான் கேட்கவில்லை.

30 ஜூலை, வியாழன்

காய்கறி வண்டி. நான் போனபோது டீச்சர் முருங்கைக்கீரைக் கட்டைக் கையில் எடுத்து, கீழே வைத்து, மறுபடி எடுத்துக்கொண்டிருந்தாள். செண்பகம் எல்லாருக்கும் கேட்கும்படி ஆரம்பித்தாள்.

"என்ன டீச்சர், கஞ்சி குடி இன்னும் நடக்கா? சிஸ்டர் வீட்டுக் கஞ்சியில ஆளு மெலியுதீயளே!"

என் வாயில் பிறந்த பிள்ளை. தெரு முழுக்க நடந்து வளர்ந்து திரும்பி வந்து நிற்கிறது. எல்லாரும் சிரிக்கத் தயாராக வாயைத் திறந்துவிட்டார்கள். டீச்சர் கீரைக் கட்டைக் கீழே வைத்துவிட்டாள். உடைந்து அழுதுவிடுவாள், அழுதால் எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று எனக்குத் தெரிந்தது. யோசித்துப் பேசவில்லை. நான் எப்போது யோசித்துப் பேசியிருக்கிறேன்?

"அவுகளுக்கு எங்க செண்பகம் குடுக்கேன்? இப்ப அந்தக் கஞ்சிய நாங்கல்லா குடிக்கோம். அவுக கேட்டா இல்லைன்னு சொல்லிட்டேன்."

"நீங்களா? என்ன சிஸ்டர் சொல்லுதீய?"

"பென்ஷன் நின்னு போச்சு. ஏதோ பேப்பரு குறையுதாம், ஆபீஸ் தொறந்தாத்தான் தெரியும். வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் அன்னைக்கு டீச்சரைச் சொல்லிச் சிரிச்சேன்."

யாரும் சிரிக்கவில்லை. திறந்த வாய்கள் மூடிக்கொண்டன. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். காலில் செருப்பு இருக்கிறதா, காதில் கம்மல் இருக்கிறதா என்று பார்க்கிற பார்வை. டீச்சரும் பார்த்தாள். நான் எதையும் வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

31 ஜூலை, வெள்ளி

பொய் சொன்னால் அதோடு போய்விடும் என்று நினைத்தேன். பத்து மணிக்குச் செண்பகம் வாசலில் நிற்கிறாள், நாத்தனாரும் மில்காரர் வீட்டம்மாவும் கூட. கையில் ஒரு பை அரிசி. பொன்னி அரிசி, அவர்கள் வீட்டில் சமைக்கிறதே.

"சிஸ்டர், ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா! நாங்கள்லாம் செத்தா போனோம்? எத்தனை பேருக்கு ஊசி போட்ட கை, இப்படிக் காயலாமா? கவுரவம் பாத்து வயித்துக்கு வஞ்சகம் பண்ணப்படாது."

தெருவுக்கே கேட்டது. உள்ளே இவர் இருமுவது போலச் சிரிப்பை அடக்குகிறார். வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. சொன்னால் நேற்றையது பொய்யாகிவிடும், பேச்சு மறுபடி டீச்சர் பக்கம் திரும்பும். கையை நீட்டினேன். வாங்குவதற்குக் கை நீட்டுவது இத்தனை கனமான வேலை என்று இந்த வயதுவரை எனக்குத் தெரியாது. வியர்க்காத முகத்தை முந்தானையால் துடைத்தேன். செண்பகம் நல்ல மனசோடுதான் கொடுத்தாள். அவள் நல்ல மனசு என் கழுத்தைப் பிடித்து அமுக்கியது. என் அடுக்களையை எட்டிப் பார்த்து, "அடுப்பு எரியுதா?" என்று வேறு கேட்டாள். நானும் இப்படித்தானே எட்டிப் பார்த்தேன்.

அவர்கள் போனதும் பையைத் தூக்கிக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன். முன்வாசல் வழியாக. அவளே கதவைத் திறந்தாள். உள்ளே தர்மராஜ் எழுந்து உட்கார்ந்தார்.

"டீச்சர், எனக்குத் தருமம் வந்திருக்கு. பாதி உங்களுக்கு."

"உங்களுக்குத்தான் பென்ஷன் வருதே சிஸ்டர்."

"வருது."

"பொறவு எதுக்கு இத வாங்குனீய?"

"வாங்காம என்ன செய்ய? நேத்துச் சொன்ன பொய்யி வெளிய வந்துரும்லா."

அவள் பையைப் பார்த்தாள். நான் வாசலிலேயே நின்றேன். அன்றைக்குத் தெருவில் பேசினதற்கு, நீலத்துக்கு, உப்புக்கு எல்லாவற்றுக்கும் சேர்த்து மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் வந்தேன். அதைச் சொல்லாமல் பையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவளே கேட்டாள்.

"செண்பகம் அக்கா குடுக்கும்போது எப்படி இருந்துச்சு சிஸ்டர்?"

"இந்தக் கொள்ளையில போறவ சீக்கிரம் எடத்தக் காலி பண்ண மாட்டாளான்னு இருந்துச்சு."

டீச்சர் சிரித்தாள். அன்று வண்டியடியில் சிரித்த சிரிப்பு இல்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நானும் டெய்லி சுவரடியில நின்னு உங்களை அப்படித்தான் நெனச்சேன்."

எனக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. அவள் உள்ளே போய்ச் சொளகை எடுத்து வந்து தரையில் வைத்து, "உக்காருங்க சிஸ்டர்" என்றாள். பையிலிருந்த அரிசியைக் கொட்டினாள். இருவரும் கல் பொறுக்க உட்கார்ந்தோம். தர்மராஜ் எழுந்து போய் உலைப்பானையைக் கழுவினார்.